எழுபது ஆயிட்டு, இனி காப்பீட்டில் சேரலாமா?

நாகர்கோவிலுக்கு மேலே மலையோரக் கீரிப்பாறையில் ரப்பர் மரங்களில் பால்வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி, சிரட்டையைச் சரிசெய்து வைத்துவிட்டு நகர வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும். என் தாய்மாமா முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன மழைக்காலத்தில் ஓர் இரவு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஜீப் பிடித்து, தடிக்காரன்கோணம் தாண்டி, நாகர்கோவிலுக்குள் வந்ததும் கண்ணில் பட்ட முதல் தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். அத்தையின் வளையல்களும் வீட்டுக்குப் பின்னாலிருந்த கொஞ்சம் நிலமும் பில்லுக்குப் போயின.

மூன்றாம் நாள் பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் கேட்டார்: “முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லியா அண்ணே?” இல்லை. மாமாவுக்கு ஓய்வு பெற்ற நாளிலிருந்தே தகுதி இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று வீட்டுக்கு வந்த பிறகு மெதுவாகக் கேட்டேன். “லேட்டாப் போனா ஃபைன் போடுவானுவ, பழைய சீக்கு இருந்தா சேக்கமாட்டானுவன்னு சொன்னாவ மக்களே” என்றார்.

சொன்னது யாரென்று அவருக்கே நினைவில்லை. ஆனால் அதே பேச்சை அதன்பின் கீரிப்பாறை, தடிக்காரன்கோணம், அழகியபாண்டியபுரம் என்று போன இடமெல்லாம் கேட்டேன். டீக்கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் பெரியவர்கள் என்னிடம் கேட்ட சந்தேகங்கள்தாம் கீழே வருபவை.

அறுபதிலேயே சேர்ந்திருக்க வேண்டியவன், எழுபது தாண்டிப் போனால் அபராதம் கட்டச் சொல்வார்களா?

மாட்டார்கள். தமிழக அரசின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் சரி, மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் சரி, தாமதத்துக்கு அபராதம் என்ற விதியே கிடையாது. இன்ன வயதுக்குள் சேர வேண்டும், இன்ன மாதத்துக்குள் சேர வேண்டும் என்ற கெடுவும் கிடையாது.

காரணம் எளிது. பிரீமியத்தை நீங்கள் கட்டுவதில்லை. முதல்வர் திட்டத்தில் 2022 ஜனவரியில் தொடங்கிய ஒப்பந்தப்படி ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் வீதம் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குக் கட்டுவது மாநில அரசு. நீங்கள் கட்டாத பிரீமியத்தின் மேல் உங்களுக்கு எப்படி அபராதம் போட முடியும்?

பிறகு இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. வேறோர் ஊரில் அது உண்மை. அமெரிக்காவில் முதியோருக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு இருக்கிறது. 65 வயதை ஒட்டிய ஏழு மாதங்களுக்குள் அதில் சேர வேண்டும். வேலைவழிக் காப்பீடு போன்ற காரணம் ஏதுமில்லாமல் தாமதித்தால், டாக்டர் கட்டணத்துக்கான ‘பார்ட் பி’ பிரிவில் தாமதமான ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் மாதப் பிரீமியம் 10 விழுக்காடு கூடும். மூன்று முழு வருஷம் தாமதித்தவர் 30 விழுக்காடு கூடுதலாக, அந்தக் காப்பீடு இருக்கும் காலம் முழுக்கக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போன பிள்ளைகள் வீட்டுக்கு வீடு உண்டு. அங்கே அவர்கள் கேட்டது இங்கே போனில் வந்து, ஒரு வாய் மாறி இன்னொரு வாய் போனபோது நம் திட்டத்தின் விதியாக ஆகியிருக்கலாம். அங்கே பிரீமியம் கட்டுவது பயனாளி. அதனால்தான் அங்கே அபராதம் உண்டு, இங்கே இல்லை.

எனக்கு சர்க்கரை, பிரஷர் இரண்டும் பத்து வருஷமா உண்டு. அட்டை எடுத்தாலும் அதுக்கெல்லாம் தர மாட்டாங்கன்னு சொல்றாங்களே?

இதுவும் இடம் மாறி வந்த பேச்சுதான். தனியார் நிறுவனங்களிடம் பணம் கட்டி எடுக்கிற பாலிசியில், முன்பே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலில் அதை அதிகபட்சம் 36 மாதம் என்று குறைத்தது. அதற்கு முன் 48 மாதம். வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். தாமதத்தின் தண்டனை அங்கே கண்கூடானது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிய பாலிசி தராமல் இருக்கலாம் என்ற பழைய நிலையும் அதே 2024-இல்தான் மாறியது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. இவ்வளவு சலுகைக்குப் பிறகும், ரப்பர் தோட்டத்தில் ஓய்வு பெற்று, வருங்கால வைப்புநிதி வழியாக மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ பென்ஷன் வாங்குகிற ஒருவரால் எழுபது வயதில் தனியார் பாலிசி எடுக்க முடியாது. எடுக்கச் சொல்லவும் எனக்கு மனம் வராது.

அரசுத் திட்டங்களில் காத்திருப்புக் காலம் இல்லை. அட்டை கிடைத்த அன்றே, பழைய சர்க்கரையால் வந்த சிறுநீரகக் கோளாறாக இருந்தாலும் பழைய பிரஷரால் வந்த இதய அடைப்பாக இருந்தாலும், திட்டப் பட்டியலில் உள்ள சிகிச்சை என்றால் செல்லும். சேரும்போது மருத்துவப் பரிசோதனை கிடையாது. என்ன நோய் இருக்கிறது என்று யாரும் கேட்பதுகூட இல்லை.

அபராதமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. அப்படியென்றால் நோய் வரும்போது போய் எடுத்துக்கொண்டால் போதுமே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். தண்டனை இல்லை என்று கேட்ட உடனே நமக்குத் தோன்றுவது இதுதான். ஆனால் விதிப்புத்தகத்தில் எழுதாத தண்டனை ஒன்று இருக்கிறது. அதைத்தான் மாமா அனுபவித்தார்.

இந்தத் திட்டங்கள் ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டங்கள். மருத்துவமனை காப்பீட்டிடம் முன் அனுமதி கேட்கும், அனுமதி வந்ததும் சிகிச்சை நடக்கும், பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும். நீங்கள் கையிலிருந்து கட்டிவிட்டு, ரசீதைக் காட்டித் திரும்ப வாங்குவதற்கு இதில் வழி இல்லை. அட்டை வாங்கும் முன் கட்டிய பணம் கட்டியதுதான். மாமா வீடு திரும்பி இரண்டு வாரத்தில் அட்டை எடுத்தோம். பில்லையும் கொண்டு போனேன். காப்பீட்டு மையத்தில் இருந்த பெண் பொறுமையாகவே விளக்கினார்: “இனிமே வர்ற சிகிச்சைக்குத்தான் சார் இது.”

இன்னொரு நட்டம் கண்ணுக்குத் தெரியாதது. காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. அந்த ஆண்டு பயன்படுத்தாதது அடுத்த ஆண்டுக்குச் சேராது. அட்டையில்லாமல் போன ஐந்து ஆண்டுகள், அந்த ஐந்து ஆண்டுகளின் பாதுகாப்போடு போய்விட்டன. இப்போது சேர்ந்தால் பழைய பாக்கி எதுவும் சேர்ந்து வராது. முதுமையில் இது பெரிய விஷயம். கண்புரை, மூட்டுத் தேய்மானம், குடலிறக்கம் மாதிரியானவற்றில் எப்போது செய்துகொள்வது என்று தேர்ந்தெடுக்கிற வசதி நமக்கு இருக்கிறது. அட்டை இல்லாதவர் ‘பாத்துக்கிடலாம்’ என்று தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போட்ட குடலிறக்கம் ஒருநாள் இறுகி, அவசர அறுவையாக மாறுகிறது.

மூன்றாவதாக, அட்டை எடுக்கிற அலைச்சல். ஆரோக்கியமாக இருக்கும்போது அது இரண்டு நாள் வேலை. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்க வேண்டும். ரேஷன் கார்டையும் குடும்பத்தினரின் ஆதார்களையும் எடுத்துக்கொண்டு, நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். அங்கே போட்டோவும் கைரேகையும் எடுப்பார்கள். இதே வேலையை, ஆள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது, ஒரு சனிக்கிழமை இரவில் செய்வதாக நினைத்துப் பாருங்கள். வி.ஏ.ஓ. திங்கட்கிழமைதான் கிடைப்பார். கலெக்டர் அலுவலகமும் திங்கட்கிழமைதான். மருத்துவமனையில் கூட இருக்கும் ஒரே ஒரு மகன், அப்பாவின் பக்கத்தில் இருப்பதா, கையெழுத்துக்கு மலையேறுவதா? கீரிப்பாறைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே இருபத்தைந்து கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. பஸ் நேரத்துக்கு நேரம்தான். அவசரக் கேஸ்களில் அட்டை விவரத்தைச் சற்றுத் தாமதமாகத் தர மருத்துவமனைகள் இடம் கொடுப்பதுண்டு. அதை நம்பி இருப்பது வேறு, அட்டையோடு போவது வேறு.

நான்காவது நட்டம் எங்கள் வீட்டில் நடந்ததே. எந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அட்டை எடுத்த வீட்டில் இந்தப் பேச்சு ஒருமுறையாவது நடந்திருக்கும். எடுக்காத வீட்டில் நடந்திருக்காது. ஜீப் டிரைவர் நிறுத்திய இடத்தில் இறங்கினோம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போயிருக்கலாம். அந்த நேரத்தில் எங்கள் யார் வாயிலும் அந்தப் பெயர் வரவில்லை.

எழுபது வயசு ஆனால் வருமானமே பார்க்காமல் மத்திய அரசு தருகிறதாமே?

ஆமாம். ‘ஆயுஷ்மான் வய வந்தனா’ அட்டை என்று பெயர். 2024 செப்டம்பர் 11 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்து, அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று தொடங்கியது. 70 வயது நிறைந்தவர் யாரானாலும், வருமானம் எவ்வளவானாலும், ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. கணவன் மனைவி இருவரும் எழுபதைத் தாண்டியிருந்தால் அந்த ஐந்து லட்சம் இருவருக்கும் பொது. குடும்பம் ஏற்கனவே ஆயுஷ்மான் பாரத்தில் இருந்தால், முதியவருக்கென்று தனியாக இன்னொரு ஐந்து லட்சம் மேற்கொண்டு கிடைக்கும். அதை வீட்டிலுள்ள இளையவர்கள் தொட முடியாது. தனியார் பாலிசியோ இ.எஸ்.ஐ.யோ இருந்தாலும் இதை எடுக்கலாம். மத்திய அரசு ஊழியர், முன்னாள் ராணுவத்தினர் போன்றோர் தங்கள் பழைய திட்டம், இது இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

இதற்கு வருமானச் சான்று வேண்டாம், ரேஷன் கார்டு வேண்டாம். ஆதார் மட்டும் போதும். ‘ஆயுஷ்மான்’ செயலியில் வீட்டிலிருந்தே பதியலாம். சந்தேகத்துக்கு 14555 என்ற எண். இங்கேயும் கெடு இல்லை. 70-இல் சேராதவர் 78-இல் சேரலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. தமிழ்நாட்டில் ஆயுஷ்மான் பாரத், முதல்வர் காப்பீட்டோடு இணைந்தே நடக்கிறது. எனவே போனில் அட்டை வந்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடாமல், நீங்கள் போகக்கூடிய மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் “இந்த அட்டை இங்கே செல்லுமா, நான் நினைக்கிற சிகிச்சைக்குச் செல்லுமா” என்று ஒருமுறை நேரில் கேட்டுவிடுங்கள். வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் முதல்வர் காப்பீட்டு அட்டையையும் கட்டாயம் எடுத்துவிடுங்கள். ஒன்று இருக்கிறதே என்று மற்றதை விட வேண்டாம்.

ஆதாரில் வயசு குறைத்துப் போட்டிருக்கு. விரல்ரேகையும் விழ மாட்டேங்கு. எங்களை மாதிரி ஆளு என்ன செய்ய?

கீரிப்பாறைக்கே உரிய சிக்கல் இதுதான். இங்கே வேலை பார்த்து முதிர்ந்தவர்களில் ஒரு பகுதியினர், 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் மறுவாழ்வுக்கும் வழி தந்தவை இந்த மாவட்டத்தின் அரசு ரப்பர் தோட்டங்கள். பின்னாளில் அரசு ரப்பர் கழகம் ஆனவை. இன்னொரு பகுதியினர் மலையிலேயே பிறந்த காணி மக்கள். இருவரிலும் பிறந்த தேதி எழுதி வைத்த பெற்றோர் குறைவு. ஆதார் எடுத்த அன்று, கணினி முன் இருந்தவர் “எத்தனை வயசு பாட்டா?” என்று கேட்டிருப்பார். பாட்டா ஒரு தோராயம் சொல்லியிருப்பார். அந்தத் தோராயம்தான் இன்றைக்கு ஐந்து லட்சத்துக்கும் அவருக்கும் நடுவே நிற்கிறது. 73 வயதானவர் ஆதாரில் 68 என்றால், வய வந்தனாவுக்கு அவர் 68-தான். வேறு எந்தச் சான்றும் அங்கே எடுபடாது.

திருத்த வழி இருக்கிறது. ஆனால் பிறந்த தேதியை ஆதாரில் ஒரே ஒருமுறைதான் மாற்ற முடியும். அதனால் அவசரப்பட்டு, கிடைத்த காகிதத்தைக் கொண்டு மாற்றிவிடாதீர்கள். பள்ளிச் சான்று, பாஸ்போர்ட், பிறப்புச் சான்று என்று ஆதார் மையம் ஏற்கும் பட்டியலில் உங்களிடம் இருப்பது எது, அதில் உள்ள தேதி சரியா என்று பார்த்த பிறகு போங்கள். இந்தத் திருத்தத்துக்கு வாரக்கணக்கில் ஆகலாம். நோய் வந்த பிறகு வாரக்கணக்கில் யார் காத்திருப்பது?

விரல்ரேகை விஷயம் இன்னும் வேதனையானது. முப்பது வருஷம் பால்கத்தி பிடித்த கை, ஒட்டுப்பால் பிய்த்த விரல், ஷீட் அடிக்கும் இடத்தில் ஆசிட் பட்ட தோல். ரேகை தேய்ந்துதான் போகும். தொழில் தேய்த்த விரலை மெஷின் ‘இல்லை’ என்று சொல்லும்போது, அந்தப் பெரியவர் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து மறுபடியும் வைப்பார். நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் ஒரு குற்றமும் இல்லை. கண்ணின் கருவிழிப் பதிவு, முக அடையாளம், ஆதாரோடு இணைந்த போனுக்கு வரும் ஓ.டி.பி. என்று வேறு வழிகள் ஆயுஷ்மான் பதிவில் இருக்கின்றன. “ரேகை விழல, நாளைக்கு வா” என்று சொன்னால், “முகத்தை வெச்சுப் பாருங்க” என்று கேளுங்கள். ஓ.டி.பி. வேண்டுமென்றால் ஆதாரில் உள்ள எண் இப்போது கையிலிருக்கும் போனின் எண்ணாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அது எப்போதோ பேரன் வாங்கித் தந்து, பிறகு தொலைந்த சிம்மின் எண்ணாக இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

எனக்கு 64. எழுபதும் ஆகவில்லை, மகன் சம்பளத்தால் வருமான வரம்பும் தாண்டுது. எனக்கு எதுவுமே இல்லையா?

முதல்வர் காப்பீட்டின் வருமான வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். முன்பு 72 ஆயிரமாக இருந்தது. மாதம் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் என்பது ரேஷன் கார்டில் உள்ள குடும்பம். மகனின் கார்டில் அப்பா, அம்மா பெயர் இருந்து, மகன் அதற்கு மேல் சம்பாதித்தால் மொத்தக் குடும்பமும் வெளியே. அப்பா, அம்மா உண்மையிலேயே தனியாக உலை வைத்துத் தனியாக வாழ்கிறார்கள் என்றால் தனி ரேஷன் கார்டு கேட்பது அவர்கள் உரிமை. அதன்பின் தங்கள் வருமானத்தின் பேரில் காப்பீட்டுக்குப் போகலாம். காப்பீட்டுக்காக மட்டும், ஒரே வீட்டில் இருந்துகொண்டு கார்டைப் பிரிப்பது பொய்ச் சான்று. அதை நான் சொல்லித்தர மாட்டேன்.

ஆனால் கேள்வி நியாயமானது. தோட்டத்தில் வேலையில் இருக்கும்வரை, 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தருவது நிர்வாகத்தின் கடமையாக இருந்துவந்தது. ஓய்வு பெற்ற மறுநாள் அது கையை விட்டுப் போகிறது. வருமானம் பார்க்காத மத்தியத் திட்டம் எழுபதில்தான் வருகிறது. நடுவே பத்து, பன்னிரண்டு வருஷம். மழையிலும் அட்டைப்பூச்சிக் கடியிலும் மேடேறி இறங்கியதற்கான கூலியை முழங்காலும் முதுகும் கேட்கத் தொடங்குவது அந்த வருஷங்களில்தான். மாதம் பத்தாயிரம் என்ற வரம்பு இன்றைய கூலிக்கும் விலைவாசிக்கும் ஒவ்வாதது. ஒரு பிள்ளை ஒழுங்காக வேலைக்குப் போனாலே தாண்டிவிடும். இந்த வரம்பை உயர்த்த வேண்டும், அல்லது 60 வயதானவர்களுக்காவது வரம்பை நீக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த இடைவெளியில் இருப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மகனோ மகளோ வேலை பார்க்கும் இடத்தில் இ.எஸ்.ஐ. இருந்தால், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோரின் பெயரை அதில் சேர்க்க இடம் உண்டு. நிறையப் பிள்ளைகள் மனைவி, குழந்தைகள் பெயரைக் கொடுத்துவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். விசாரியுங்கள்.

அரசு ஓய்வூதியருக்கு?

ஆசிரியர், போலீஸ், வருவாய்த் துறை என்று மாநில அரசில் ஓய்வு பெற்றவர்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. பென்ஷனிலிருந்து மாதாமாதம் தானாகவே பிடிப்பார்கள். அவர்களுக்குத் தாமதம் என்ற பேச்சே எழாது. கணவன் அல்லது மனைவியின் பெயரும் வயதும் பதிவில் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

அரசு ஆஸ்பத்திரியில் எல்லாமே இலவசம்தானே? ஆசாரிப்பள்ளத்துக்குப் போறவனுக்கு அட்டை எதுக்கு?

அட்டை இல்லை என்பதற்காக அரசு மருத்துவமனையில் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆனாலும் அங்கே அட்டை கேட்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. அட்டை வழியாகச் சிகிச்சை நடந்தால் காப்பீட்டு நிறுவனம் அந்த மருத்துவமனைக்கே பணம் தரும். செயற்கை மூட்டு, ஸ்டென்ட் மாதிரி விலை அதிகமான பொருள்கள் அந்த வழியில்தான் எளிதாக வருகின்றன. மருத்துவமனைக்குக் கருவி வாங்கவும் அந்த வருவாய் உதவுகிறது. மூட்டு மாற்றத்துக்கு ஆசாரிப்பள்ளம் போகிறவர் அட்டையோடு போனால், தனக்கும் நல்லது, அடுத்து வருகிறவருக்கும் நல்லது.

விபத்துக்கு மட்டும் விதி வேறு. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அட்டை இருக்கிறதா என்று பார்க்காமலே, திட்டத்தில் உள்ள மருத்துவமனையில் இலவசம்.

திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போனால் செல்லுமா?

1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேரும் வரை நாம் அந்தப் பக்கம் இருந்தவர்கள். பெரிய நோய் என்றால் வண்டியை மேற்கே திருப்புகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஆயுஷ்மான் பாரத் அட்டையை வெளிமாநிலத்திலும் பயன்படுத்தலாம், அங்குள்ள மருத்துவமனை திட்டத்தில் இருக்க வேண்டும். மாநிலத் திட்டத்தின் பேரில் மட்டும் சேர்ந்த குடும்பத்துக்கு அந்த உறுதி கிடையாது. வண்டி எடுக்கும் முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிடுங்கள்.

மாசாமாசம் வாங்குகிற மாத்திரைக்கு?

கிடையாது. இவை படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கும் குறிப்பிட்ட பரிசோதனைகளுக்கும் உரியவை. ஆயுஷ்மான் பாரத்தில் சேர்க்கைக்கு முந்தைய 3 நாளும், வீடு திரும்பிய பின் 15 நாளும் ஆகும் மருந்து, பரிசோதனைச் செலவு அடங்கும். நாள்பட்ட சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வருகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள்.

அட்டை இருந்தும் பணம் கேட்டால்?

கட்டாதீர்கள், கட்டித்தான் ஆக வேண்டிய நிலை என்றால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள். அதே 1800 425 3993-க்கு மருத்துவமனை வளாகத்திலிருந்தே பேசுங்கள். திங்கட்கிழமை கலெக்டரின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ரசீதோடு மனு கொடுங்கள். அட்டைக்கு உள்ளே வரும் சிகிச்சைக்கு மருத்துவமனை தனியாகப் பணம் வாங்கக் கூடாது.

மலையை விட்டு இறங்க முடியாத கிழவிக்கு யார் அட்டை எடுப்பது?

இதைக் கேட்டது கீரிப்பாறைக்கு மேலே தனியாக இருக்கும் ஒரு அம்மா. மூட்டுவலி. பஸ் படிக்கட்டு ஏற முடியவில்லை. போட்டோவுக்கும் ரேகைக்கும் ஆள் நேரில் வர வேண்டும் என்கிறது விதி. விதி நியாயமானதுதான், ஆள்மாறாட்டத்தைத் தடுக்க. ஆனால் யாருக்கு இந்தக் காப்பீடு அதிகம் தேவையோ அவர்களால்தான் கலெக்டர் அலுவலகம் வர முடியாது. இதைத் திட்டம் போட்டவர்கள் யோசித்திருக்க வேண்டும். அட்டைப் பதிவு முகாம்களை மாவட்ட நிர்வாகம் நடத்தாமல் இல்லை. அவை பெரும்பாலும் பஸ் போய்த் திரும்புகிற ஊர்களோடு நின்றுவிடுகின்றன. கீரிப்பாறை, காளிகேசம், பாலமோர் பக்கத்துக் குடியிருப்புகளுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கருவியோடும், வருமானச் சான்று தரும் அலுவலரோடும் ஒரு வண்டி மேலே வர வேண்டும். ஊராட்சியின் கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாகக் கேளுங்கள். நான்கு பேர் கேட்டால் மனு, நாற்பது பேர் கேட்டால் முகாம்.

அதுவரை, இறங்க முடிகிறவர்கள் இந்த வாரமே இறங்குங்கள். வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, கார்டில் பெயர் உள்ள எல்லாருடைய ஆதார், ஆதாரோடு இணைந்த எண் உள்ள போன். அந்த அம்மாவைப் போன்றவரை அழைத்துவர ஒரு ஜீப்புக்குள் இடம் இருந்தால் இடம் கொடுங்கள்.

மாமா இப்போது தன் அட்டையின் எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி, டார்ச் லைட் வைக்கும் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். பக்கத்திலேயே ஆசாரிப்பள்ளம் என்றும், திட்டத்தில் இருக்கும் இன்னொரு மருத்துவமனையின் பெயரும். அன்று எங்களை ஏற்றி வந்த ஜீப் டிரைவரின் போனிலும் அந்தத் தாளின் படம் இருக்கிறது.